ஏரி உறையாவிட்டால் மீனுக்கு லாபமா, நஷ்டமா?

சிம்கோக்காரன் (டொராண்டோ)

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் குளிர்காலத்தில் ஐஸைத் துளைத்து மீன் பிடிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கட ஆட்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். முன்பெல்லாம் ஜனவரி பிறந்தால் ஐஸ் நடக்கிற கனத்துக்கு வந்துவிடும் என்று அங்கே ஹட் வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்வார்கள். இப்போது ஒரு வருடம் வரும், ஒரு வருடம் இழுத்தடிக்கும். வந்தாலும் தரம் சரியில்லை. ஆகரைப் போட்டுத் துளைத்தால் மேலே வெள்ளைப் பொருக்கு, நடுவில் ஸ்னோவும் தண்ணீரும் கலந்த சொதசொதப்பு, அதற்குக் கீழேதான் கறுத்த, உறுதியான ஐஸ். அதுவும் கொஞ்சம்.

கூட வரும் நண்பருக்கு இதில் கவலையே இல்லை. "ஐஸ் குறைந்தால் படகு விடும் நாள் கூடும், தண்ணீர் சூடானால் மீன் கெதியாக வளரும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. லேக் ட்ரவுட், ஒயிட்ஃபிஷ் எல்லாம் குளிர்நீர் மீன் என்று தெரியும். ஆனால் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கணக்கு வாத்தியார் (மதுரை)

உங்கள் நண்பர் கட்சியில்தான் நானும். எங்கள் ஊர்க் கண்மாயில் மே மாதம் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். கெண்டையும் விராலும் அதில்தான் கொழுக்கின்றன. ஐந்து மாதம் மூடிக் கிடந்த ஏரி நாலு மாதம்தான் மூடுகிறது என்றால், ஒரு மாதம் கூடுதலாக வெளிச்சம் விழும். பாசி வளரும், பாசியைத் தின்கிற சிற்றுயிர் வளரும், அதைத் தின்று மீனும் வளரும். இதில் நஷ்டம் எங்கே வருகிறது? வம்புக்குக் கேட்கவில்லை. காரண காரியத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

வாத்தியார் சார், கண்மாய் ஆளுயரம், மிஞ்சினால் இரண்டு ஆளுயரம். காற்றடித்தால் அடிவரை கலங்கிவிடும். வடக்கே உள்ள ஏரிகளில் பல 30 மீட்டர், 50 மீட்டர் ஆழம். அங்கே கோடையில் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலப்பதே கிடையாது. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கலக்கலில்தான் இருக்கிறது.

தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் இலேசாகும், சூடானாலும் இலேசாகும். அதனால் குளிர்காலத்தில் ஐஸும் ஐஸை ஒட்டிய தண்ணீரும் மேலே, 4 டிகிரித் தண்ணீர் அடியில். வசந்தத்தில் ஐஸ் போய், மேல்தண்ணீரும் 4 டிகிரிக்கு வரும்போது ஏரி முழுக்க ஒரே அடர்த்தி. ஒரு நல்ல காற்று போதும், மேலிருந்து கீழ்வரை புரண்டுவிடும். ஆழத்துக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வது இந்தச் சமயத்தில்தான். பிறகு வெயில் ஏற ஏற மேல்தண்ணீர் இலேசாகி மிதக்க ஆரம்பிக்கும். இரண்டு அடுக்காகப் பிரிந்த பின்பு கீழடுக்குக்குக் காற்றோடு தொடர்பே இல்லை. அடுத்த புரளல் இலையுதிர் காலத்தில்தான்.

கீழடுக்கின் பாடு மாசச் சம்பளக்காரர் பாடு மாதிரி. வசந்தத்தில் கைக்கு வந்த ஆக்சிஜனை வைத்து அடுத்த சம்பளம் வரை ஓட்ட வேண்டும். ஐஸ் சீக்கிரம் போனால் அடுக்குப் பிரிவதும் சீக்கிரம். இலையுதிர் காலம் தள்ளிப்போனால் அடுத்த சம்பளமும் தள்ளிப்போகும். மேலே பாசி கூடுதலாக வளர்ந்தால் அதுவும் செத்து அடியில்தான் வந்து விழும். அதை அழுகவைக்கும் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துவிடும். "பாசி வளரும்" என்று நீங்கள் வரவில் எழுதியது அங்கே செலவாகிறது.

இப்போது லேக் ட்ரவுட்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு 10, 12 டிகிரிக்கு மேல் ஒத்துவராது. கோடையில் மேலே வர முடியாமல் ஆழத்துக்குப் போகும். அங்கே ஆக்சிஜன் போதாது. மேலே சூடு, கீழே மூச்சுமுட்டல், நடுவில் ஒரு மெல்லிய பட்டைதான் மிச்சம். ஒன்டாரியோவில் லேக் ட்ரவுட் ஏரிகளுக்கு, கோடை முடிகிற நேரத்தில் கீழடுக்கின் சராசரி ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று அளவுகோல் வைத்திருப்பது இதனால்தான். மினசோட்டாவில் சிஸ்கோ என்று ஒரு குளிர்நீர் மீன். 2006 கோடை வெப்பத்தில் அங்கே பல ஏரிகளில் அது செத்து மிதந்தது.

393 மிதவெப்ப ஏரிகளின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வந்த ஆய்வில், 1980-க்குப் பிறகு மேல்தண்ணீரில் ஆக்சிஜன் 5.5 சதவீதமும் ஆழ்தண்ணீரில் 18.6 சதவீதமும் குறைந்திருக்கிறது. மேலே குறைவதற்குக் காரணம் எளிது: சூடான தண்ணீரில் வாயு குறைவாகத்தான் கரையும். கீழே குறைந்தது மூன்று மடங்குக்கும் மேல், அடுக்குப் பிரிந்து கிடக்கும் காலம் நீண்டதாலும் தண்ணீர் தெளிவிழந்ததாலும்.

---

கணக்கு வாத்தியார் (மதுரை)

அடுக்கு விஷயம் விளங்கியது. ஆனால் ஒரு இடத்தில் உறுத்துகிறது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி அதைச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகச் சூடாகிறது என்று எங்கோ படித்தேன். அடுப்பைவிடப் பாத்திரம் எப்படி வேகமாகச் சூடாகும்?

இன்னொன்று. நாற்பது வருடக் கணக்கை வைத்துக்கொண்டு ஏரியின் போக்கே மாறிவிட்டது என்று சொல்லலாமா? அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யார் அளந்து வைத்தார்கள்?

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

படித்தது சரிதான். 1979-இலிருந்து 2006 வரை சுப்பீரியரின் கோடை மேல்தண்ணீர் சுமார் 2.5 டிகிரி ஏறியது, சுற்றியுள்ள காற்றைவிட வேகமாக. காரணம் குளிர்காலத்தில் இருக்கிறது. ஐஸ் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஐஸ் குறைந்த வருடத்தில் தண்ணீர் முன்கூட்டியே சூடாகத் தொடங்கி, முன்கூட்டியே அடுக்குப் பிரிகிறது. அதன் பிறகு வருகிற வெப்பம் 400 மீட்டர் ஆழம் முழுக்கப் பரவாமல் மேலே உள்ள மெல்லிய அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் அடுப்பு அதேதான் சார், பாத்திரத்தில் தண்ணீர்தான் குறைந்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இந்த மன்றத்திலேயே இருக்கிறார்.

---

பழைய காகிதம் (சென்னை)

கூப்பிட்டதற்கு நன்றி அம்மா. எனக்கு அறிவியல் அதிகம் தெரியாது, பழைய பதிவேடுகள் மேல் பைத்தியம்.

ஜப்பானில் சுவா என்று ஒரு ஏரி. முழுக்க உறைந்ததும் இரவுக் குளிரில் ஐஸ் வெடித்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மேடாக எழும்பும். ஒரு கரையில் இருக்கும் ஆண் தெய்வம் மறுகரையில் இருக்கும் பெண் தெய்வத்தைப் பார்க்க நடந்துபோன தடம் அது என்பது ஊர் நம்பிக்கை. கோயில் பூசாரிகள் 1443 முதல் ஏரி உறைந்த நாளைக் குறித்து வந்திருக்கிறார்கள். உறையாத வருடத்தில் உறையவில்லை என்றே எழுதினார்கள். ஆரம்ப நூற்றாண்டுகளில் அப்படி எழுத வேண்டி வந்தது அபூர்வம். இப்போது உறைவதுதான் அபூர்வம்.

பின்லாந்து எல்லையில் டோர்னே ஆறு. அங்கே ஐஸ் உடைந்து ஓடும் நாளை ஒரு வியாபாரி 1693-இல் எழுதத் தொடங்கினார். ஆறு திறந்தால்தான் படகு போகும், சரக்கு போகும். இன்றுவரை அந்தக் கணக்கு தொடர்கிறது. பூசாரிக்கும் வியாபாரிக்கும் பருவநிலை மாற்றம் பற்றி எந்தக் கட்சியும் இல்லை. அதனால்தான் இந்த ஏடுகளை நான் அதிகம் நம்புகிறேன்.

இப்படி வடகோளம் முழுக்கக் கிடைத்த பதிவுகளை அமெரிக்க ஏரியியலாளர் ஜான் மாக்னுசனும் கூட்டாளிகளும் 2000-இல் தொகுத்தார்கள். 1846 முதல் 1995 வரையான கணக்கில், உறைவது நூறு ஆண்டுக்கு 5.8 நாள் தள்ளிப்போயிருந்தது. உடைவது 6.5 நாள் முந்தியிருந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சைபீரியாவின் பைக்கால் ஏரி. மிகைல் கோழோவ் என்ற பேராசிரியர் 1945-இல் அந்த ஏரியில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து அளக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின் மகள் ஓல்கா, அவருக்குப் பின் பேத்தி லியுபோவ். கோடையில் படகு, குளிர்காலத்தில் ஐஸ் மேல் நடை. சோவியத் யூனியன் உடைந்து காசுக்குத் திண்டாடிய காலத்திலும் நிறுத்தவில்லை. அறுபது வருடக் கணக்கு 2008-இல் ஆங்கிலத்தில் வந்தபோதுதான் வெளியுலகம் கவனித்தது. மேல்தண்ணீர் 1946-இலிருந்து 1.21 டிகிரி ஏறியிருந்தது. உலகத்தில் நிலத்தின் மேல் உள்ள உறையாத நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கை வைத்திருக்கும், 1,642 மீட்டர் ஆழமுள்ள ஏரி சார் அது. அவ்வளவு பெரிய தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் அசையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

---

சிம்கோக்காரன் (டொராண்டோ)

அருமை ஐயா. பைக்காலில் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் என்ன ஆனது?

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

அதே தரவில் இன்னும் இரண்டு எண்கள்: 1979-க்குப் பிறகு பாசியின் பச்சையம் 300 சதவீதம் கூடியிருந்தது. வெதுவெதுப்பை விரும்பும் கிளாடோசெரா வகைச் சிற்றுயிர்கள் 1946-லிருந்து 335 சதவீதம். வாத்தியார் இதைக் கொண்டாடிவிடப் போகிறார் என்பதால் சொல்லிவிடுகிறேன், பைக்காலின் உணவுச் சங்கிலி ஐஸை நம்பிக் கட்டப்பட்டது. அங்கே ஸ்னோ குறைவு, காற்றும் தள்ளிவிடும். ஐஸ் தெளிவாக இருப்பதால் வெளிச்சம் ஊடுருவிப் போய், ஐஸுக்கு அடியில் டயாட்டம் என்ற பாசி வசந்தத்தில் செழிக்கும். பெரிய செல், எடை அதிகம், அது குளிர்ந்த தண்ணீரில்தான் நன்றாக வளரும். அங்கேயே உள்ள நெர்ப்பா என்ற நன்னீர் சீல், ஐஸ் மேல் பொந்து போட்டுத்தான் குட்டி போடும். பொத்தாம்பொதுவாக "பாசி கூடியது" என்று சொன்னால் போதாது, எந்தப் பாசி, எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

எந்த மாதத்தில் என்பதற்கு சியாட்டில் பக்கம் உள்ள வாஷிங்டன் ஏரி நல்ல உதாரணம். 1962-இலிருந்து நாற்பது ஆண்டில் வசந்த டயாட்டம் பெருக்கம் சுமார் 20 நாள் முன்னால் வந்துவிட்டது. அதைத் தின்னும் டாஃப்னியா என்ற சிற்றுயிர் அதே வேகத்தில் தன் நாளை மாற்றிக்கொள்ளவில்லை. அது கண்விழிக்கும்போது பந்தி முடிந்திருக்கும். டாஃப்னியா குறைந்தது. குஞ்சு மீனுக்கு விருப்பமான தீனியே அதுதான்.

---

வடதுருவத் தமிழன் (பின்மார்க், நார்வே)

இந்தப் பக்கத்துக் கதையையும் எழுதிவிடுகிறேன். எண்பதுகளில் ஈழத்திலிருந்து நார்வே வந்தவர்களில் நிறையப் பேர் பின்மார்க்கின் மீன் ஆலைகளில்தான் முதலில் வேலை செய்தார்கள். எங்கட குடும்பமும் அப்படி வந்ததுதான். அதனால் இங்கே மீன் கதை என்றால் காது தானாக நிமிரும்.

தானா என்று ஒரு ஆறு, நார்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லை. அட்லாண்டிக் சால்மனுக்குப் பெயர் போனது. இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான சாமி மக்களுக்கு அந்த ஆறும் மீனும் வலை போடும் முறையும் பரம்பரைச் சொத்து. 2021-இல் அங்கே சால்மன் பிடிக்கவே தடை போட்டார்கள். 2024 கோடையில் நார்வேயில் 33 ஆறுகளில் நடுப்பருவத்தில் சால்மன் மீன்பிடியை நிறுத்தினார்கள். சால்மன் திரும்பி வரவில்லை. கடலில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய பங்கு, மிகையாகப் பிடித்ததும் உண்டு. எல்லாவற்றையும் ஆற்றின் வெப்பத்தில் கட்டிவிட முடியாது.

அந்த வெற்றிடத்தில் வந்து நிற்பது பிங்க் சால்மன். பசிபிக் மீன். 1950-களிலிருந்து சோவியத் ஆட்கள் வெள்ளைக் கடல் பக்கத்து ஆறுகளில் விட்டார்கள். இரண்டு வருட ஆயுள், ஒற்றைப்படை வருடத்துக் கூட்டம்தான் நிலைத்தது. 2017-இல் திடீரென்று பெருகி, 2019, 2021, 2023 என்று ஒவ்வொரு முறையும் படையெடுத்தது. கடலும் ஆறும் சூடாவது அதற்கு வசதி செய்கிறது என்பது இங்குள்ள ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். முட்டை போட்டதும் எல்லாம் செத்துவிடும். ஆகஸ்டில் ஆற்றங்கரையில் நடந்து பாருங்கள். முதுகு கூனிப்போன ஆண் மீன்கள் கல்லுக்கு இடையில் வெளுத்துச் சிதைந்து கிடக்கும், கடற்காகங்கள் கண்ணை மட்டும் கொத்திவிட்டு மீதியை விட்டுப்போயிருக்கும், நாற்றம் ரோடு வரைக்கும் வரும். சத்துக் குறைந்த சுத்தமான ஆற்றில் இவ்வளவு பிணம் அழுகினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் ஆராய்கிறார்கள்.

சிம்கோ அண்ணை, உங்கட நண்பரிடம் சொல்லுங்கள், சூடானால் மீன் கூடும்தான். எந்த மீன் என்பதை அவர் தீர்மானிக்க முடியாது.

---

கணக்கு வாத்தியார் (மதுரை)

தம்பி எழுதியதில் எனக்குப் பிடித்தது, "எல்லாவற்றையும் வெப்பத்தில் கட்டிவிட முடியாது" என்ற வரி. பருவநிலை என்று சொல்லிவிட்டால் மற்ற காரணங்களை யாரும் தோண்டுவதில்லை. சிம்கோவிலேயே சாக்கடை, உரம், பாஸ்பரஸ் என்று இருக்காதா?

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

இருக்கிறது, நிறையவே. சிம்கோவில் பாஸ்பரஸ் கூடி, ஆழ்தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி, லேக் ட்ரவுட் தானாகப் பெருகுவதே நின்றுபோனது. பல பத்தாண்டுகள் குஞ்சு விட்டுத்தான் காப்பாற்றினார்கள். அதற்கென்றே 2008-இல் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது பாஸ்பரஸைக் குறைக்கக் குறைக்க ஆக்சிஜன் மேலே வர வேண்டும். வெப்பம் அதைக் கீழே இழுக்கிறது. இரண்டும் ஒரே ஏரியில் ஒரே நேரத்தில் நடக்கிற விஷயங்கள்.

உங்கள் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று என் வேலையிலேயே இருக்கிறது. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து ஏரிகள் பழுப்பாகிக்கொண்டே வருகின்றன. வெள்ளையும் கறுப்பும் அடித்த ஒரு வட்டத் தகட்டை, செக்கி தகடு என்போம், கயிற்றில் கட்டி இறக்குவோம். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று கயிற்றுக் குறியைப் பார்த்து எழுதுவோம். படகின் நிழல் பக்கம்தான் இறக்க வேண்டும், மறைந்த பிறகு மெல்ல மேலே இழுத்து, தெரியும் இடத்தையும் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மிகப் பழுப்பான காட்டு ஏரிகளில் இரண்டு மீட்டர் போகுமுன் தகடு மஞ்சளாகி, செம்பட்டையாகி, காணாமல் போய்விடும்.

இந்தப் பழுப்பு மண்ணிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள். அது கூடியதற்கு ஒரு பெரிய காரணம் அமில மழை குறைந்தது. ஆலைப் புகையில் கந்தகம் குறைந்ததும், மண் பிடித்து வைத்திருந்த கரிமம் கரைந்து ஓட ஆரம்பித்தது. நல்லது செய்யப் போய் வந்த விளைவு. மழை கூடுவது, காடு அடர்வது, மண் சூடாவது இவற்றின் பங்கு அதன் மேல் சேர்கிறது.

பழுப்புத் தண்ணீர் வெயிலை மேலேயே உறிஞ்சிக்கொள்ளும். மேலடுக்கு இன்னும் சூடு, கீழடுக்கு இருட்டு. வடக்கு ஸ்வீடனின் சத்துக் குறைந்த சின்ன ஏரிகளில் மீனுக்குத் தீனி பெரும்பாலும் அடித்தரைப் பாசியிலிருந்துதான் வருகிறது. வெளிச்சம் போகாவிட்டால் அது வளராது. இந்த ஏரிகளில் மீன் எவ்வளவு என்பதைச் சத்தைவிட வெளிச்சமே தீர்மானிக்கிறது என்று எங்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2009-இல் காட்டினார்கள்.

இப்போது கனடாவுக்கு வாருங்கள். ஒன்டாரியோவின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே 1968-இல் ஒதுக்கிய ஏரித் தொகுதி ஒன்று உண்டு. அங்கே டேவிட் ஷிண்ட்லர் குழு 1990-இல் வெளியிட்ட இருபது வருடக் கணக்கில், காற்றும் ஏரியும் சுமார் 2 டிகிரி சூடு, ஐஸ் இல்லாத காலம் 3 வாரம் நீளம். ஆனால் ஏரிகள் பழுப்பாகவில்லை, தெளிந்தன! வறட்சி, காட்டுத் தீ, ஓடை வற்றியது, அதனால் கரிமம் வந்து சேரவில்லை. வெளிச்சம் ஆழத்துக்குப் போனது, சூடான மேலடுக்கு தடித்தது, லேக் ட்ரவுட்டுக்கு இடம் மேற்பக்கத்திலிருந்து சுருங்கியது.

மழை கூடுகிற இடத்தில் ஒன்று, வறள்கிற இடத்தில் நேர் எதிர். இரண்டிலும் குளிர்நீர் மீனுக்குத்தான் இடம் சுருங்குகிறது. எனக்கு இந்தத் துறையில் சலிக்காத விஷயம் இதுதான்.

---

தூந்திரா (பேர்பேங்க்ஸ், அலாஸ்கா)

ஏரியில் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டு எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஏரியே காணாமல் போகும்.

ஆண்டு முழுக்க உறைந்து கிடக்கும் மண்தான் இங்கே ஏரிக்கு அடித்தளம். அது உருகினால் முதலில் நிலம் உள்வாங்கிப் புதுக் குளங்கள் உண்டாகும். இன்னும் உருகி அடியில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வடிந்துவிடும். சைபீரியாவில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2005-இல் ஒரு கணக்கு வந்தது: 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 1973-இல் 10,882. 1997–98-இல் 9,712. உறைமண் தொடர்ச்சியாக இருக்கும் வடக்குப் பகுதியில் ஏரிப்பரப்பு கூடியிருந்தது, விட்டுவிட்டு இருக்கும் தெற்கில் குறைந்திருந்தது. ஒரே உருகலின் முதல் கட்டமும் அடுத்த கட்டமும்.

கனடாவின் எல்ஸ்மியர் தீவில் வேறு மாதிரி. ஜான் ஸ்மோல், மரியான் டக்ளஸ் இருவரும் 1983 முதல் ஹெர்ஷல் முனையில் சின்னச் சின்னக் குளங்களைப் பார்த்து வந்தார்கள். அடிவண்டலைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வருடங்களாக வற்றாத குளங்கள். 2006 ஜூலையில் போனபோது சில காய்ந்து கிடந்தன. தண்ணீர் ஆவியானதுதான் காரணம். மிச்சமிருந்த குளங்களில் உப்பின் அளவு ஏறியிருந்தது அதற்குச் சாட்சி.

புதிதாக ஒன்று, ஆரஞ்சு ஆறுகள். அலாஸ்காவின் வடக்கே புரூக்ஸ் மலைத்தொடரில் ரோடு, சுரங்கம் எதுவும் இல்லாத இடங்களில் ஓடைகள் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிட்டன. 2024-இல் வந்த ஆய்வில் இப்படி 75 ஓடைகளைப் பதிவு செய்திருந்தார்கள். உறைமண்ணுக்குள் பூட்டிக் கிடந்த சல்பைடு கனிமங்கள் மேல் தண்ணீரும் ஆக்சிஜனும் பட்டு, அமிலம் உண்டாகி, இரும்பும் துத்தநாகமும் மற்ற உலோகங்களும் கரைந்து வருகின்றன. இரும்பு படிந்து கல் மேலெல்லாம் ஆரஞ்சுப் பூச்சு. கல்லுக்கடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் போய்விடும். ஒரு கிளை ஓடையில் நிறம் மாறிய பிறகு டாலி வார்டன் என்ற மீனின் குஞ்சும் ஸ்கல்பின் என்ற சிறுமீனும் இல்லாமலே போயின. ஆறு கெட்டுப்போனால் "எந்த ஆலை?" என்று கேட்டே பழகியவர்கள் நாம். இங்கே கேட்க ஆலையே இல்லை.

யூகோன் ஆற்றைப் பற்றி எழுதினால் தனி இழை வேண்டும். சுருக்கமாக: சினூக் சால்மன் இவ்வளவு குறைந்துவிட்டதால் 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் ஏழு வருடத்துக்கு அதைப் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கரையோரப் பூர்வகுடி கிராமங்களில் மீன் உலர்த்தும் பந்தல்கள் காலி. தண்ணீர் 18 டிகிரியைத் தாண்டினால் சால்மனுக்கு வெப்ப அயர்ச்சி தொடங்கிவிடும். 2019 ஜூலையில் யூகோனின் கிளையான கோயுகுக்கில் முட்டையைச் சுமந்தபடியே சம் சால்மன் செத்து மிதந்தது.

---

லாரிக்காரர் (வினிபெக்)

ஒரு சின்னக் குறிப்பு. ஐஸ் போனால் மனிதருக்கும் சிக்கல்தான். வடக்கே விமானத்தை விட்டால் வழியில்லாத ஊர்களுக்கு எண்ணெய், அரிசி, கட்டுமானச் சாமான் எல்லாம் உறைந்த ஏரி மேல் போடும் குளிர்காலப் பாதையில்தான் போகும். யெல்லோநைஃப் பக்கம் வைரச் சுரங்கங்களுக்குப் பெரும்பாலும் ஏரிகள் மேலேயே போகும் 400 கிலோமீட்டர் அளவுக்கான பாதை உண்டு. 2006-இல் ஐஸ் சரியாகக் கனக்காமல் பாதையைச் சீக்கிரம் மூடிவிட, மீதிச் சரக்கை விமானத்தில் தூக்க வேண்டி வந்தது. அரிசி மூட்டையை விமானத்தில் ஏற்றினால் என்ன விலை வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

சிம்கோக்காரன் (டொராண்டோ)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, ட்ரவுட்டை விடுங்கள், பெர்ச் பாஸ் மாதிரி சூட்டைத் தாங்கும் மீனுக்காவது குறைந்த குளிர்காலம் நல்லதா? இரண்டு, அந்த வெள்ளை ஐஸ்.

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

பாஸுக்கு நல்லது. ஸ்மால்மவுத் பாஸ் வடக்கே வடக்கே ஏறிக்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேரும் ஒன்டாரியோ ஏரிகளில் கரையோரச் சிறுமீனை அதுவே காலி செய்துவிட, லேக் ட்ரவுட் சிற்றுயிரைத் தின்று காலம் தள்ள வேண்டி வருகிறது, வளர்ச்சி குன்றுகிறது.

பெர்ச் கதைதான் எதிர்பாராதது. ஈரி ஏரியின் மஞ்சள் பெர்ச் பற்றி 2015-இல் வந்த ஆய்வைப் பாருங்கள். குளிர்காலம் குறுகினால் பெட்டை மீன் போடும் முட்டை சின்னதாகி, அதிலிருந்து வரும் குஞ்சும் நோஞ்சானாகிறது. முட்டை முதிர அதற்கு நீண்ட குளிர் வேண்டும். ஒயிட்ஃபிஷ் இலையுதிர் காலத்தில் ஆழம் குறைந்த கற்பாறைத் திட்டுகளில் முட்டை விட்டுப் போய்விடும். மேலே ஐஸ் மூடியிருந்தால் குளிர்காலப் புயலில் அலை எழும்பாது. மூடாவிட்டால் முட்டை அடித்துப் போகும்.

வெள்ளை ஐஸ், ஸ்னோவும் மழையும் நனைந்து உறைவது. உள்ளே காற்றுக் குமிழ் நிறைய. கறுப்பு ஐஸின் பலத்தில் பாதிதான் என்று வைத்துக்கொண்டு, கனம் இரட்டிப்பாக இருந்தால் மட்டுமே கால் வையுங்கள். ஒளியும் அதில் குறைவாகத்தான் இறங்கும், அதனால் அடியில் உள்ள பாசிக்கும் அது கெடுதல்.

---

கணக்கு வாத்தியார் (மதுரை)

பெர்ச் முட்டை விஷயம் நான் போட்ட கணக்கில் இல்லவே இல்லை. ஆனாலும் பாஸ் பக்கம் ஒரு வெற்றி எனக்குத்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடு பொருத்தச் சொல்லித்தர உண்மையான நீண்ட தரவு தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஐஸ் கணக்கு எங்கே கிடைக்கும்? அப்புறம் "உறைந்த நாள்" என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? பாதி மூடினால் கணக்கா, முழுதும் மூடினால் கணக்கா?

---

பழைய காகிதம் (சென்னை)

விஸ்கான்சினில் மெண்டோட்டா ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள் சார். 1850-களிலிருந்து இருக்கிறது, மாநிலப் பருவநிலை அலுவலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆரம்பத்தில் வருடத்துக்கு நாலு மாதத்தை ஒட்டி மூடிக் கிடந்தது, இப்போது மூன்று மாதத்தை ஒட்டி வந்துவிட்டது. "திறந்த நாள்" அங்கே எப்படித் தெரியுமா? பிக்னிக் முனையிலிருந்து மேப்பிள் பிளஃப் வரைக்கும் ஐஸ் தடுக்காமல் படகைத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோக முடிந்தால் ஏரி திறந்துவிட்டது. ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு வழக்கம். ஒரே ஏரிக்குள் வழக்கத்தை மாற்றாமல் இருந்தால் போதும், கோடு பொருந்தும்.

---

சிம்கோக்காரன் (டொராண்டோ)

அப்படியென்றால் நானும் எழுதி வைக்கலாமே. யாருக்கு அனுப்புவது?

---

அடிநீர் (உமேயோ, ஸ்வீடன்)

கனடாவில் ஐஸ்வாட்ச் என்று பொதுமக்கள் பதியும் திட்டம் இருக்கிறது. கோடையில் தண்ணீர் எடுத்து அனுப்ப ஆசை இருந்தால் ஒன்டாரியோ அரசின் லேக் பார்ட்னர் திட்டம், செக்கி தகடும் குப்பியும் அவர்களே தருவார்கள். ஏரி முழுவதையும் பார்க்க முயல வேண்டாம், ஒரு குடாவை எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். மூடிய ஐஸ் இரண்டு நாளில் உடைந்து மறுபடி மூடினால் அத்தனை தேதியையும் எழுதுங்கள். பழைய ஏடுகளில் பல, ஒரு குளிர்காலத்துக்கு ஒரு தேதி என்றுதான் இருக்கின்றன, ஏனென்றால் அப்போது ஒருமுறைதான் மூடியது.